நரையும் விவேகமும்

முதியோர் நால்வர் கூடுமிடத்து, இக்காலத்து இளைஞர்க்குப் படிப்பு உண்டு, விவேகம் இல்லை என்னும் பேச்சு எழுதல் இயல்பு. இளைஞர் நால்வர் கூடுமிடத்தோ, பெரியோர் விவேகமெனக் கொண்டாடுவதெல்லாம் சென்ற காலத்துப் பழக்கமே என்னும் பேச்சு எழுகின்றது. இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. ஆயினும், இரு சாராரும் வழக்கிடும் பொருள் ஒன்றுதானா, அன்றி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு வேறு பொருள்களைப்பற்றி வழக்கிடுகின்றனரா என்று நின்று நோக்குவார் சிலரே. கல்லூரியில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டற்பாலது. என்னை? 18 வயதினரும் 60 வயதை அணுகுவோரும் நாள்தோறும் ஓரிடத்திற் கூடி, ஒருவரையொருவர் அளந்துகொள்ளுதற்குக் கல்லூரியைப் போன்ற இடம் பிறிதொன்றில்லை.

முதற்கண், விவேகம் என்னும் சொல்லால் ஈண்டு யாம் கருதுவது இன்னதென வரையறுத்துக்கொள்ளல் நன்று. கல்வி என்பது நூல்களாலும் ஆசிரியராலும் பெறப்படுவது. மதிநுட்பம் என்பது புதிய கணக்கொன்றை விரைந்து விடுக்கும் ஆற்றல். இவ்விரண்டும் நிரம்பப் பெற்றோர் பலர் தம் வாழ்க்கையில் இடறி வீழ்தலைக் காண்கின்றோம். நோயுற்ற தந்தையை விட்டு வேற்றூர்க்குப் பணிக்குச் செல்லலாமா, உடன்பிறந்தார் பங்கு கேட்டு வழக்கிட்டால் என் செய்வது, நண்பன் தவறிழைத்தால் அவனைக் கைவிடுவதா கடிந்து திருத்துவதா என்பன போன்ற வினாக்களுக்கு நூலில் விடை எழுதப்பட்டிலது. கணக்குப்போல ஒரே விடையும் இல்லை. இத்தகைய இடங்களில் பலவற்றையும் சீர்தூக்கி, தனக்கும் பிறர்க்கும் தக்கது இதுவெனத் தெளியும் ஆற்றலையே யாம் விவேகம் என்கின்றோம்.

இவ்வாற்றல் வயதோடு வருவதா என்னும் வினாவை நம் முன்னோரும் எழுப்பியுள்ளனர். சோழன் ஒருவன் வழக்குத் தீர்த்த கதையைப் பழமொழி நானூறு குறிக்கின்றது. அவன் கரிகாலன் என்பது வழிவழிச் செய்தி. அவனிடம் நீதி வேண்டி வந்த முதியோர், அரசன் இளையன், இவ்வழக்கின் முடிவு காண வல்லனல்லன் என்று ஐயுற்றனர். அதனை அறிந்த அரசன் நரைமயிர் புனைந்து முதியவன்போல் அமர்ந்து, இரு திறத்தார் சொல்லையும் கேட்டுத் தீர்ப்புரைத்தான், முதியோரும் மகிழ்ந்தனர். இக்கதையை இளைஞன் ஒருவனது திறமைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். இதனுள் வேறொரு செய்தியும் அடங்கியுள்ளது. தீர்ப்பு உரைத்த தலை ஒன்றே. அதன்மேல் இருந்த மயிர்தான் மாறியது. ஆகவே, கேட்போர் சொல்லைக் கேட்குமுன்னரே மயிரைப் பார்த்துவிடுகின்றனர் என்பது இக்கதையாற் பெறப்படும்.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பாடிய புறநானூற்று 183-ஆம் பாட்டு இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. ஒரு குடியிற் பிறந்த பலருள்ளும் வயதால் மூத்தவனை விடுத்து அறிவுடையவன் காட்டும் நெறியிலேயே அரசு செல்லும் என்பது அப்பாட்டின் கருத்து. அரசியல் அறிந்த ஒரு மன்னனே இதனைக் கூறினமையின் இதன் மதிப்பு மிகுதி. இவற்றிற்கு மாறாகத் திருக்குறள் பெரியாரைத் துணையாகக் கொள்ளுதற்கு ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. அவ்வதிகாரத்தின் முதற்குறளில் வரும் மூத்தல் என்பதற்கு உரை கண்ட பரிமேலழகர், அறிவாலும் சீலத்தாலும் காலத்தாலும் முதிர்தல் என மூன்றாக விரித்தார். காலம் மூன்றனுள் ஒன்றே என்பதும், அதுவும் இறுதியில் வைக்கப்பட்டது என்பதும் நாம் உற்றுநோக்கத்தக்கவை.

விவிலியத்தில் உள்ள ரெகொபெயாமின் வரலாறும் இவ்விடத்துக் கருதத்தக்கது. சாலொமோனுக்குப்பின் அரசேற்க வந்த அவனிடம் மக்கள் சீகேமிற் கூடித் தம் சுமையைக் குறைக்குமாறு வேண்டினர். தன் தந்தையின் அவையிலிருந்த முதியோரை அவன் வினவினான். அவர்கள் இன்சொற் கூறி இணங்குக என்றனர். தன்னோடு வளர்ந்த இளையோரை வினவினான். அவர்கள் முன்னினும் கடுமையாக ஆள்க என்றனர். அவன் பின்னவர் சொல்லை மேற்கொண்டான். பத்துக் கோத்திரத்தார் அவனை விட்டுப் பிரிந்தனர். முதியோர் சொல்லை இகழ்ந்தமையால் அரசு பிளந்தது என்று இதற்குப் பொருளுரைப்பது வழக்கம். ஆனால், அரசேற்றபோது ரெகொபெயாமின் வயது 41 என்று அந்நூலே கூறுகின்றது. அவனோடு ஒருங்கு வளர்ந்தோரும் ஏறத்தாழ அவ்வயதினராகவே இருந்திருத்தல் வேண்டும். நாற்பதைக் கடந்தவரை இளமையின் அறியாமையால் கெட்டவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? தன் செருக்குக்கு இசைவான சொல்லையே தேர்ந்து கேட்டமைதான் அவனது குற்றம். அக்குற்றம் எல்லா வயதினர்க்கும் பொதுவானது.

இங்ஙனம் இலக்கியங்கள் கதையாலும் பாட்டாலும் ஆராய்ந்த இதனை, உளநூலார் சோதனை முறையால் ஆராயத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே ஆகும். 1980-இல் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய விவியன் கிளேட்டன், ஜேம்ஸ் பிர்ரன் என்னும் இருவர் தம் ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். இளைஞர், நடுவயதினர், முதியோர் என்னும் மூவகையாரிடமும் அவர்கள் சில சொற்களைக் கொடுத்தனர். விவேகமுடையவர், வயது முதிர்ந்தவர், அநுபவம் மிக்கவர், பிறர் நிலை உணர்பவர், கல்வியறிவு உடையவர் என்பன போன்ற சொற்கள் அவை. 'நான்' என்னும் சொல்லும் அவற்றுள் ஒன்று. இவற்றை இரண்டிரண்டாக எடுத்து, எது எதனோடு எவ்வளவு நெருங்கியது என மதிப்பிடுமாறு வேண்டினர். ஒருவர் தம் உள்ளத்தே விவேகத்தை எதன் அருகில் வைத்திருக்கின்றார் என்பது இம்முறையால் தானே வெளிப்பட்டுவிடும்.

முடிவு வியக்கத்தக்கதாய் இருந்தது. வயது முதிர்ச்சியையும் விவேகத்தையும் நெருக்கமாக வைத்தவர் இளைஞரே. முதியோர் அங்ஙனம் வைத்திலர். பிறர் கருத்தை விளங்கிக்கொள்ளுதலையும் பிறர் உள்ளத்தோடு ஒன்றி உணர்தலையுமே அவர்கள் விவேகத்தின் அருகில் வைத்தனர். அன்றியும், தம்மை இளைஞரினும் விவேகம் மிக்கவராக அம்முதியோர் கருதவும் இல்லை. நரைக்கு விவேகப் பட்டம் சூட்டியவர் நரையில்லாதவரே! இதனாற் பெறப்படும் செய்தி சிறிதன்று. விவேகம் தனக்கு இன்னும் தொலைவில் உள்ளதென இளைஞன் எண்ணும்போது, அதனை இன்றே தேடும் கடமையினின்றும் அவன் தன்னை விடுவித்துக்கொள்கின்றான். பெரியோரை வணங்கும் அவ்வெண்ணத்தின் உள்ளே சோம்பலும் ஒளிந்திருத்தல் கூடும்.

அற்றேல், முதுமை விவேகத்தைத் தருகின்றதா இல்லையா என்று அளந்தே பார்த்துவிடலாகாதா எனின், அதனையும் செய்தனர். ஜெர்மனியிலே பெர்லின் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மனிதவளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பால் பால்டஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இம்முயற்சியில் ஈடுபட்டனர். அவர்கள் வாழ்க்கைச் சிக்கல் ஒன்றைச் சொல்லி, அதனைப்பற்றி எண்ணுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுமாறு ஒருவரைக் கேட்பர். பயிற்சி பெற்ற நடுவர்கள் அவ்விடையை ஐந்து அளவைகளால் மதிப்பிடுவர். அவையாவன: மனித வாழ்க்கையைப்பற்றிய செய்தியறிவு, செயல்முறை அறிவு, காலமும் சூழலும் வாழ்க்கையை மாற்றும் வகையை உணர்தல், மக்கள் போற்றும் கொள்கைகள் வேறுபடும் என்பதை உணர்தல், எதிர்காலம் உறுதியற்றது என்பதை உணர்ந்து அதற்கேற்ப நடத்தல்.

அவர்கள் கேட்ட வினாக்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 வயதுப் பெண்ணொருத்தி உடனே மணஞ்செய்துகொள்ள விரும்புகின்றாள். இதில் கருதத்தக்கவை யாவை, செய்யத்தக்கவை யாவை? கூடவே கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் விடைக்கு மதிப்பெண் குறைவு. பொதுவாக இது நன்றன்று எனினும், அவள் எந்நாட்டில் எக்காலத்தில் வாழ்பவள், பெற்றோர் உளரா, கொடிய நோய் ஏதேனும் உண்டா, இவ்விருப்பம் எதனால் எழுந்தது என்றெல்லாம் வினவி மேற்செல்லும் விடைக்கு மதிப்பெண் மிகுதி. அம்மணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. தீர்ப்புக்குமுன் விசாரணை வேண்டும் என்பதே பொருள்.

இவ்வினா நம் நாட்டில் தலைமுறைதோறும் வேறுவேறாக ஒலித்தல் கூடும். 1929-இல் இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணின் மணவயதுக்கு 14 ஆண்டையே எல்லையாக வைத்தது. அதனையும் மிகுதியென்று எதிர்த்தவர் அந்நாளிற் பலர். 1978-இல் அவ்வெல்லை 18 ஆயிற்று. முன்னைய எல்லையின்கீழ் மணந்த பாட்டியும், பின்னைய எல்லையின்கீழ் வளர்ந்து கல்லூரிக்கு வரும் பேர்த்தியும் 15 வயதில் மணம் என்னும் சொற்களைக் கேட்டால் அவர்தம் உள்ளத்தே எழும் படம் ஒன்றாகாது. பாட்டி தன் வாழ்வையே எண்ணி இதில் என்ன தவறு என்றாலும், பேர்த்தி தன் வாழ்வையே எண்ணி இது கொடுமை என்று மட்டும் சொல்லி நின்றாலும், இருவரும் அவ்வளவையிற் குறைந்தவரே. பேர்த்தியின் முடிவு சட்டத்திற்கும் நலத்திற்கும் பொருந்தியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தன் பாட்டியின் காலத்தார் ஏன் அங்ஙனம் நடந்தனர் என்று அறிந்தபின் அம்முடிவுக்கு வருதல் வேறு. அறியாமலே வருதல் வேறு.

இனி, அளவையின் முடிவு யாது? 25 வயதுமுதல் 75 வயதளவும் எடுத்து நோக்கின், வயதுக்கும் இவ்விவேக மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டிலது. முதுமை தானே விவேகத்தை ஈவதுமில்லை, அதனைப் பறிப்பதுமில்லை. மிக உயர்ந்த விடை கூறினோர் எல்லா வயதிலும் சிலரே. ஆனால், 14, 15 வயதுமுதல் ஏறத்தாழ 25 வயதளவும் உள்ள காலத்திலோ இம்மதிப்பெண் விரைந்து ஏறுதலை 2001-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டியது. மாணவர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளியிற் புகுந்து கல்லூரியை விட்டு நீங்கும் ஆண்டுகள் எவையோ, அவையே விவேகத்தின் வித்து முளைத்து வேர்விடும் ஆண்டுகளாம். விளைநிலத்தில் நீர் நிற்கும் பருவத்திலேயே நடவு செய்யவேண்டும். அறுவடைக் காலத்தில் நட்டுக்கொள்வோம் என்பார் உண்டோ?

வயது தாராதாயின் வேறு எது தருகின்றது? பிறர் சிக்கல்களைக் கேட்டு ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட உளமருத்துவ உளநூலார், பிற தொழிலினரைவிட இச்சோதனையில் மேம்பட்டு நின்றனர். ஆகவே, எத்துணை ஆண்டு வாழ்ந்தோம் என்பதினும் எத்தகைய வாழ்க்கைகளை உற்றுநோக்கினோம் என்பதே பெரிதாதல் தெளிவு. ஒரே ஆண்டினை முப்பதுமுறை வாழ்ந்தவரும் உளர். முப்பது ஆண்டுகளையும் வெவ்வேறாக வாழ்ந்தவரும் உளர். நரை இருவர்க்கும் ஒன்றுபோலவே தோன்றும்.

மதியிலும் இருவகை உண்டென்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ரேமண்ட் கேட்டல் என்னும் உளநூலார் 1963-இலும், அவரோடு ஜான் ஹார்ன் என்பார் 1966-இலும் இதனை விரித்து எழுதினர். முன்பின் அறியாத சிக்கலை விரைந்து அவிழ்க்கும் மதி ஒருவகை. அஃது இளமையில் உச்சிக்குச் சென்று பின்னர் மெல்லக் குறைவது. சொல்லும் பொருளும் அநுபவமுமாக நாள்தோறும் சேர்த்துவைத்த மதி மற்றொரு வகை; அது முதுமையிலும் நெடுங்காலம் நிலைநிற்பது. புதிய கைப்பேசியை இயக்கத் தடுமாறும் முதியவரைக் கண்டு இவருக்கு ஒன்றும் தெரியாது என்று இளைஞன் முடிவு செய்தல், முதல்வகை மதியின் குறைவைக் கண்டு இரண்டாவதும் இல்லையெனக் கொள்ளுதலாகும். விரைவாக விடைகூறும் இளைஞனைக் கண்டு இவன் பதற்றக்காரன் என்று முதியவர் முடிவு செய்தலும் அத்தகையதே.

பருவந்தோறும் விவேகத்தின் முகம் மாறித் தோன்றுதலையும் ஆராய்ந்துள்ளனர். ஜூடித் குளூக் என்பாரும் அவர்தம் துணைவரும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீர் விவேகத்தோடு நடந்துகொண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுக என்று பல வயதினரையும் கேட்டனர். வளரிளம் பருவத்தார் துயருற்ற ஒருவர்க்குத் துணைநின்ற நிகழ்ச்சிகளை மிகுதியாகக் கூறினர். இளைஞர் தம் வழியைத் தாமே தேர்ந்து அதில் உறுதியாய் நின்ற நிகழ்ச்சிகளைக் கூறினர். முதியோர் அறிவை இடமறிந்து பயன்படுத்தி வளைந்துகொடுத்த நிகழ்ச்சிகளைக் கூறினர். இம்மூன்றும் விவேகமே. ஆனால், ஒருவர் விவேகமென்பது மற்றவர்க்குக் குற்றமாகத் தோன்றுதலும் எளிது. இளைஞனது உறுதி முதியவர்க்குப் பிடிவாதமாகத் தோன்றும். முதியவரது வளைவு இளைஞனுக்குக் கோழைமையாகத் தோன்றும். நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. இரு சாராரும் ஒரே மலையின் இரு பக்கங்களில் நின்று, மலையின் வடிவைப்பற்றி வழக்கிடுகின்றனர்.

முதுமைக்குச் சார்பான சான்றையும் மறைத்தல் முறையன்று. 2010-இல் இகோர் கிராஸ்மன், ரிச்சர்ட் நிஸ்பெட் முதலியோர் அமெரிக்க மக்களிடையே நிகழ்த்திய ஆராய்ச்சியில், சமூகப் பிணக்குகளைப்பற்றி ஆராயுமிடத்து 60 வயதைக் கடந்தோர் இளையோரை விஞ்சினர். பிறர் நோக்கில் நின்று பார்த்தல், இணக்கத்திற்கு வழி தேடுதல், தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றில் அவர்கள் மேம்பட்டனர். ஆயின், 2012-இல் ஜப்பானியரையும் சேர்த்து ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. அமெரிக்கரிடம் காணப்பட்ட அவ்வேற்றம் ஜப்பானியரிடம் அத்துணைக் காணப்படவில்லை. அங்கே இளையோரும் நடுவயதினருமே அமெரிக்க இளையோரினும் மேம்பட்டு நின்றனர். பிணக்கைத் தணிக்கும் பயிற்சியை இளமையிலேயே ஒரு சமூகம் தருமாயின், அதன் மக்கள் அதற்காக நரையை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தகும்.

2014-இல் கிராஸ்மனும் ஈதன் கிராஸ் என்பாரும் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி சாலொமோனின் பெயரையே தாங்கியது. பிறர் வழக்கைத் தீர்ப்பதில் உலகம் வியக்க விளங்கிய அவ்வரசன் தன் இல்வாழ்க்கையிலும் தன் மகனை வளர்த்தலிலும் தவறினான் அன்றோ? அவ்வாறே மக்கள் நண்பனது சிக்கலைப்பற்றி எண்ணும்போது விவேகத்தோடும், அதே சிக்கல் தமக்கு வந்ததாக எண்ணும்போது விவேகம் குன்றியும் ஆராய்தலை அவர்கள் கண்டனர். தன் சிக்கலையும் பிறன் ஒருவனது சிக்கல்போல் விலகிநின்று நோக்கச் செய்தபோது அவ்வேறுபாடு நீங்கியது. இக்குறை 20 முதல் 40 வயதினர்க்கும் 60 முதல் 80 வயதினர்க்கும் ஒருபடித்தாகவே இருந்தது. பிறர் பிள்ளைக்கு நல்வழி கூறும் தந்தை தன் பிள்ளையிடம் நிதானம் இழப்பதும், நண்பனுக்கு நடுநிலையோடு கூறும் மாணவன் தன் வீட்டிற் சினந்தெழுவதும் இக்காரணத்தாலேயே என்க.

இவ்வழக்கு நம் காலத்தில் மிக்கு ஒலிப்பதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. முதலாவது, முன்னாளில் நரை கண்டோர் அருகியே இருந்தனர். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டே. இன்று அது 70 அளவில் நிற்கின்றது. குழந்தை இறப்பின் மிகுதியே அவ்வெண் தாழ்ந்தமைக்குப் பெருங்காரணமாயினும், முதியோர் தொகை இன்று பெருகியிருத்தல் கண்கூடு. அரிதாயிருந்த பொருளுக்கு இருந்த மதிப்பு, அது பெருகியபின் தானே கிடைப்பதில்லை.

இரண்டாவது, அறிவு செல்லும் திசை மாறியுள்ளது. மார்கரெட் மீட் என்னும் மானிடவியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட நூலில் சமூகங்களை மூவகையாகப் பிரித்தார். பிள்ளைகள் முன்னோரிடமிருந்தே கற்பது ஒன்று. எல்லோரும் தம் ஒத்த வயதினரிடமிருந்து கற்பது ஒன்று. முதியோர் தம் பிள்ளைகளிடமிருந்தும் கற்பது ஒன்று. மேகத்தின் நிறங்கண்டு மழை சொல்லவும், மண்ணைக் கையில் எடுத்து விதைக்கும் நாள் குறிக்கவும் வல்ல முதியவரே ஊருக்கு நூல்நிலையமாக இருந்த காலம் முதல்வகை. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் முறையைப் பேரனிடம் தாத்தா கேட்டறியும் இக்காலம் மூன்றாம் வகையின் சாயல் உடையது. இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஆயின், கருவியை இயக்கக் கற்பித்தவன், எதற்குச் செலவிடலாம் எதற்குக் கடன்படலாகாது என்பதையும் தானே அறிந்துவிட்டதாக எண்ணுவானாயின், ஆங்கே தீங்கு தொடங்குகின்றது.

தீங்கு யாதென ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வரலாறு கற்க விரும்பும் மகனைப் பொறியியல் கற்குமாறு தந்தை வற்புறுத்துதல் நம் வீடுகளில் பெருவழக்கு. திங்கள்தோறும் வரும் சம்பளம் ஒரு குடும்பத்தை எங்ஙனம் கரையேற்றும் என்பதும், இருபது வயதின் விருப்பம் முப்பதில் மாறக்கூடும் என்பதும் தந்தை பட்டறிந்தவை. பொறியியற் பட்டம் பெற்றோர்க்கெல்லாம் இன்று அத்துறையில் வேலை கிடைப்பதில்லை என்பதும், தன் உள்ளம் எதிற் செல்லும் எதிற் செல்லாது என்பதும் மகன் அறிந்தவை. இவ்விரு அறிவும் கூடினாலன்றி அம்முடிவு நன்முடிவாகாது. ஆனால், வீட்டில் நிகழ்வது யாது? நீ என்ன கண்டாய் என்று தந்தை கேட்கின்றார்; உங்கள் காலம் வேறு என்று மகன் கூறுகின்றான். அத்துடன் பேச்சு முடிகின்றது. ஒருவரது வாழ்நாளின் போக்கைத் தீர்மானிக்கும் வினாவானது இரண்டு சொற்றொடர்களில் முடிவு பெறுகின்றது! பின்னர் மகன் விரும்பாத வகுப்பில் நாளைக் கழிப்பதும், தந்தை செலுத்திய பொருளை எண்ணி வருந்துவதும், இருவரும் ஒருவரோடொருவர் பேசாது ஒதுங்குவதும் யாம் கேளாதன அல்ல.

இதற்கு மருந்தாக ஒன்றைப் பெர்லின் ஆராய்ச்சியே காட்டுகின்றது. 1996-இல் உர்சுலா ஸ்டௌடிங்கரும் பால்டசும் வெளியிட்ட சோதனையில், விடைகூறுமுன் தமக்கு நெருக்கமான ஒருவரோடு அச்சிக்கலைப்பற்றிப் பேசி, பின்னர்த் தனித்திருந்து சிறிது எண்ணிப் பார்த்தோர் ஏனையோரினும் மிக உயர்ந்த விடை கூறினர். தாம் மதிக்கும் ஒருவர் இதற்கு என்ன சொல்லுவார் என மனத்தில் எண்ணிப் பார்த்தோர்க்கும் அப்பயன் கிட்டியது. நேரிற் பேசி எண்ணும் இம்முறையால் இளைஞரினும் முதியோரே மிகுதியாகப் பயன் பெற்றனர் என்பது மற்றொரு சிறப்பு. எனவே, கலந்து பேசுதல் பெரியோர் சிறியோர்க்கு இரங்கி அளிக்கும் ஈகையன்று. பெரியோரிடம் உள்ள சேமிப்பு வெளிப்படுதற்கும் அதனை வினவும் ஒரு வாயும் கேட்கும் ஒரு செவியும் இன்றியமையாதன.

இச்சோதனையில் இரண்டு படிகள் உள்ளமையை மறத்தலாகாது: முதலிற் பேசுதல், பின்பு தனித்து எண்ணுதல். நம் வீடுகளில் பெரும்பாலும் முதற்படி இல்லாமலே இரண்டாவது நிகழ்கின்றது. கல்லூரி விடுதிகளிலோ முதற்படி நள்ளிரவு வரை நிகழ்ந்து, இரண்டாவது நிகழாமலே போகின்றது. அன்றியும், விடுதியிற் பேசுவோர் எல்லோரும் ஒத்த வயதினர். ரெகொபெயாமும் தன்னோடு வளர்ந்தோரிடம் ஆராயாமல் இல்லை, ஆராய்ந்தான். தன் குரலின் எதிரொலியையே கேட்டு அதனை ஆலோசனை எனக் கொண்டதுதான் அவன் கேடு.

ஆகவே மாணவர்க்கு யாம் கூறுவது இது: விவேகத்தைப் பிற்காலத்துக்கு என ஒதுக்கிவைத்தல் வேண்டா, அதன் பருவம் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உம்மினும் முப்பது ஆண்டு மூத்த ஒருவரை அணுகி, அவர் கொண்ட முடிவுகளுள் கடினமானது எது, அதனை எங்ஙனம் கொண்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஏற்கவேண்டுவதில்லை. இறுதிவரை கேட்டல் வேண்டும். ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் யாம் பணிவோடு கூறுவது: எம் காலத்தில் என்று தொடங்கும் சொற்றொடரை, உன் காலத்தில் இஃது எப்படி என்னும் வினாவோடு முடித்துப் பாருங்கள். அப்போது வாய் மூடியிருந்த இளைஞன் பேசுவான். அவன் பேச்சினூடே நீங்கள் அறியாத செய்தி ஒன்றேனும் வரும்.

பரிமேலழகர் கூறிய மூவகை முதிர்ச்சியுள், காலத்தால் முதிர்தல் வேண்டினும் வேண்டாவிடினும் எல்லார்க்கும் வந்தே தீரும். அறிவாலும் சீலத்தாலும் முதிர்தலோ வேண்டித் தேடினார்க்கே வருவது. அவற்றைத் தேடத் தொடங்குதற்கு 18 வயது இளமையும் அன்று; 80 வயது முதுமையும் அன்று.